டெர்மினலில் நேரடிச் செய்தி: ரைட், வால், டாக் கட்டளைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே லினக்ஸ் அல்லது யுனிக்ஸ் சர்வரில் பலர் லாகின் செய்து வேலை பார்க்கும்போது, ஒருவர் டெர்மினலிலிருந்து, அதாவது கட்டளை தட்டும் திரையிலிருந்து, இன்னொருவர் திரைக்கு உடனடியாகச் செய்தி அனுப்புவது பற்றிய பக்கம் இது. கல்லூரி ஆய்வகத்திலோ அலுவலகத்திலோ இப்படி ஒரு பொதுச் சர்வரில் வேலை செய்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். கட்டளைகளின் பெயர்களை ஒலிப்படி தமிழில் கொடுத்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். ரைட் 'எழுது' என்ற ஆங்கிலச் சொல், வால் 'சுவர்', டாக் 'பேசு', ஹூ 'யார்'. மெஸ்ஜ் என்ற கட்டளைக்கு நான்கே எழுத்து: எம், இ, எஸ், ஜி.

கையில் வாட்ஸ்அப் இருக்கிறதே, டெர்மினலில் எதற்குச் செய்தி அனுப்ப வேண்டும்?

வாட்ஸ்அப்பில் அனுப்ப அவருடைய எண் தெரிய வேண்டும். சர்வரில் பத்துப் பேர் இருக்கிறார்கள், அதில் ஒருவருடைய நிரல் நினைவகம் முழுவதையும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றால், உங்களுக்குத் தெரிவது அவருடைய பயனர் பெயர் மட்டும்தான். அந்தப் பெயரை வைத்தே, அவர் பார்த்துக்கொண்டிருக்கும் திரையிலேயே, "உங்கள் வேலையைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியுமா?" என்று கேட்கலாம். வெளி இணையம் அறுந்து உள் நெட்வொர்க் மட்டும் ஓடும் நேரத்திலும் இது நடக்கும்.

இன்னொன்று, இந்தச் செய்தி இப்போது உள்ளே இருப்பவருக்கு மட்டுமே போகும். இல்லாதவருக்குச் சேமித்து வைக்காது. அவர் லாகின் செய்யவில்லை என்றால் உடனே உங்களிடம் சொல்லிவிடும். சர்வர் பத்து நிமிடத்தில் நிற்கப் போகிறது என்பது போன்ற தகவலுக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று எப்படிப் பார்ப்பது?

'ஹூ' என்று தட்டினால் பயனர் பெயர், அவருடைய டெர்மினல், உள்ளே வந்த நேரம் மூன்றும் வரும். டெர்மினல் பெயர் பெரும்பாலும் பிடிஎஸ்/3 என்பது போல இருக்கும். 'டபிள்யூ' என்ற ஓரெழுத்துக் கட்டளை இன்னும் உதவியானது. அவர் எவ்வளவு நேரமாக விசையைத் தொடவில்லை, இப்போது என்ன ஓட்டுகிறார் என்பதையும் காட்டும். இரண்டு மணி நேரமாகக் கை வைக்காதவருக்குச் செய்தி அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம் அல்லவா?

பழைய நெட்வொர்க்குகளில் 'ஃபிங்கர்' இருந்தது. 1971 வாக்கில் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் லெஸ் எர்னெஸ்ட் எழுதியது. வேறு கணினியில் இருப்பவரைப் பற்றியும் அதில் கேட்கலாம். 1988 நவம்பரில் இணையத்தில் தானாகப் பரவிய மாரிஸ் புழு என்ற தீநிரல் நுழைந்த வழிகளில் ஒன்று இந்த ஃபிங்கர் சேவையின் ஓட்டைதான். முன்பின் தெரியாதவர்களுக்கும் பயனர் விவரத்தைச் சொல்லும் சேவை இது என்பதால் பிற்காலத்தில் பெரும்பாலான இடங்களில் மூடிவிட்டார்கள்.

ரைட் கட்டளையை எப்படிப் பயன்படுத்துவது?

'ரைட் மாலதி' என்று தட்டி என்டர் அழுத்துங்கள். மாலதியின் திரையில் மணி ஒலித்து, யாரிடமிருந்து, எந்த டெர்மினலிலிருந்து, எத்தனை மணிக்குச் செய்தி வருகிறது என்று ஒரு வரி தோன்றும். அதன் பிறகு நீங்கள் தட்டும் ஒவ்வொரு வரியும், என்டர் அழுத்தியதும் அவருக்குப் போகும். முடிந்ததும் கன்ட்ரோல்-டி அழுத்துங்கள். அவர் திரையில் 'ஈஓஎஃப்' என்று விழும், அதாவது பேச்சு முடிந்தது.

இது ஒருவழிப் பாதை. உங்கள் பயனர் பெயர் குமார் என்றால், மாலதி பதில் சொல்ல அவரும் தன் பக்கத்திலிருந்து 'ரைட் குமார்' என்று தொடங்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் தட்டினால் வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதற்கு அந்தக் காலத்திலேயே ஒரு மரபு வைத்திருந்தார்கள். "நான் சொல்லி முடித்தேன், இனி நீங்கள்" என்பதற்கு அடைப்புக்குறிக்குள் ஒரு 'ஓ', பேச்சையே முடிப்பதற்கு இரண்டு 'ஓ'. வயர்லெஸ்ஸில் பேசுபவர்கள் 'ஓவர்', 'ஓவர் அண்ட் அவுட்' என்பார்களே, அதன் சுருக்கம். யுனிக்ஸ் ஏழாம் பதிப்பின் கையேட்டிலேயே இந்த ஆலோசனை இருக்கிறது. முதலில் கூப்பிட்டுவிட்டு, மற்றவர் பதில் எழுதும் வரை காத்திருந்து, அப்புறம்தான் விஷயத்துக்கு வர வேண்டும் என்றும் அதே கையேடு சொல்கிறது. இன்றும் இதைப் பின்பற்றுவது நல்லது.

ஒருவர் மூன்று டெர்மினல்களில் லாகின் செய்திருந்தால், கடைசியாக எதில் தட்டினாரோ அதற்கே செய்தி போகும். குறிப்பிட்ட ஒன்றுக்குத்தான் போக வேண்டும் என்றால் பெயருக்குப் பின்னால் டெர்மினலையும் சேர்த்து 'ரைட் மாலதி பிடிஎஸ்/3' என்று கொடுங்கள்.

செய்தி எப்படி அடுத்தவர் திரைக்குப் போய்ச் சேருகிறது?

யுனிக்ஸில் ஒவ்வொரு டெர்மினலும் ஒரு கோப்பாகத் தெரியும். 'டெவ்' அடைவுக்குள் போய்ப் பார்த்தால் உங்கள் டெர்மினலும் அங்கே ஒரு பெயரோடு இருக்கும். அந்தக் கோப்பில் யார் எதை எழுதினாலும் அது அந்தத் திரையில் தோன்றும். ரைட் செய்வது இவ்வளவுதான். யார் எந்த டெர்மினலில் இருக்கிறார் என்ற பதிவேட்டைப் பார்க்கிறது, அந்தக் கோப்பைத் திறக்கிறது, நீங்கள் தட்டிய வரியை அதில் எழுதுகிறது. நடுவில் வேறு சர்வரும் இல்லை, கணக்குப் பதிவும் இல்லை.

அப்படியானால் யார் வேண்டுமானாலும் யார் திரையிலும் எழுதலாமா? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு வருகிறது. டெர்மினல் கோப்பின் உரிமையாளர் அதில் லாகின் செய்தவர். அதன் குழு 'டிடிஒய்'. அந்தக் குழுவுக்கு எழுதும் உரிமை மட்டும் உண்டு, படிக்கும் உரிமை இல்லை. சாதாரணப் பயனர் யாரும் அந்தக் குழுவில் இருக்க மாட்டார்கள். ரைட் நிரல் மட்டும், ஓடும் நேரத்துக்கு அந்தக் குழுவின் உரிமையைப் பெறும்படி நிறுவப்பட்டிருக்கும். ஆக, மாலதியின் திரையில் நேரடியாக எழுத உங்களால் முடியாது. ரைட் வழியாகப் போகலாம், ரைட் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் எழுதும். வேண்டாம் என்றால் மாலதி அந்த ஒரு உரிமையை எடுத்துவிட்டால் போதும், வழி அடைந்துவிடும். தொந்தரவு வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் பெறுபவர் கையிலேயே, ஒரே ஒரு பிட்டில் இருக்கிறது.

எனக்கு யாரும் செய்தி அனுப்பக் கூடாது. என்ன செய்வது?

'மெஸ்ஜ் என்' என்று தட்டுங்கள். மேலே சொன்ன உரிமை போய்விடும். திரும்பத் திறக்க 'மெஸ்ஜ் ஒய்'. வெறும் 'மெஸ்ஜ்' என்றால் இப்போது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று சொல்லும். இது அந்த டெர்மினலுக்கு மட்டும்தான். ஒவ்வொரு முறை லாகின் செய்யும்போதும் தானாகவே மூடியிருக்க வேண்டும் என்றால் உங்கள் ஷெல்லின் (நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலின்) தொடக்கக் கோப்பில் இந்த வரியைச் சேர்த்துவிடுங்கள்.

ரூட் பயனரை, அதாவது சர்வரில் முழு அதிகாரம் உள்ள நிர்வாகியை, இது தடுக்காது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். சர்வரை நிறுத்தப் போகிறார்கள் என்ற அறிவிப்பு எல்லோரையும் அடைய வேண்டும்.

இந்தக் கட்டளை ரைட்டோடு கூடவே பிறந்தது. 1971 நவம்பரில் பெல் ஆய்வகத்தில் வெளியான யுனிக்ஸ் முதல் பதிப்புக் கையேட்டிலேயே இரண்டும் இருக்கின்றன. அன்றைய டெர்மினல் டெலிடைப், அதாவது காகிதத்தில் அச்சடிக்கும் இயந்திரம். மாடல் 33 என்ற வகை நொடிக்குப் பத்து எழுத்துதான் அடிக்கும். நீங்கள் ஒரு ஆவணத்தை அச்செடுத்துக்கொண்டிருக்கும்போது நடுவில் யாராவது "சாப்பிடப் போகலாமா" என்று அனுப்பினால் அந்தத் தாளே வீண். அதனால் என்ராஃப், பிஆர் போன்ற ஆவணக் கட்டளைகள் ஓடும்போது தாங்களே செய்தியை மூடிக்கொண்டன.

வந்து விழுந்த செய்தி என் கோப்பைக் கெடுத்துவிடுமா?

இல்லை. விம் எடிட்டரில் வேலை செய்யும்போது செய்தி வந்தால் திரை மட்டும்தான் கலையும், கோப்புக்கு ஒன்றும் ஆகாது. கன்ட்ரோல்-எல் அழுத்தினால் திரை மறுபடி சரியாக வரையப்படும். ஒரே டெர்மினலில் பல திரைகளைத் திறக்க உதவும் டிமக்ஸ் நிரலைப் பயன்படுத்துபவர்கள் கவனிக்க: செய்தி டிமக்ஸ் திரையின் மேல் விழுந்து, அடுத்த முறை திரை புதுப்பிக்கப்படும்போது மறைந்துவிடும். படிப்பதற்குள் போய்விட்டது என்று பலர் சொல்வதற்கு இதுதான் காரணம். டிமக்ஸில் திரையைப் புதுப்பிக்க முன்விசைக்குப் பின் 'ஆர்'.

அனுமதி இல்லை என்று வருகிறது. மாலதி செய்தியைத் திறந்துதான் வைத்திருக்கிறார். ஏன்?

நீங்கள் டெபியன் என்ற லினக்ஸ் வகை ஓடும் சர்வரில் இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். 2024 மார்ச்சில், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும் வால் கட்டளையில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்தது. 'வால்எஸ்கேப்' என்று பெயர் வைத்தார்கள், பதிவு எண் சிவிஇ-2024-28085. அதைச் சரிசெய்தபோது டெபியன், வால், ரைட் இரண்டுக்கும் இருந்த டிடிஒய் குழு உரிமையையே எடுத்துவிட்டது. அதனால் சாதாரணப் பயனர் இன்னொருவர் திரையில் எழுத முடியாது. ரூட் மட்டும் முடியும்.

அந்த ஓட்டை என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டெர்மினலுக்குப் போகும் எல்லாமே எழுத்தாகத் தோன்றுவதில்லை. எஸ்கேப் என்ற குறியில் தொடங்கும் தொடர்கள் திரைக்கான ஆணைகள்: நிறத்தை மாற்று, திரையை அழி, கர்சரை அங்கே கொண்டு போ. பழைய டெர்மினல்கள் சிலவற்றில் இன்னும் ஒரு படி மேலே, அந்த ஆணையால் திரையில் உள்ளதைப் பயனரே தட்டியது போலக் கணினிக்குத் திருப்பி அனுப்ப வைக்கலாம். அதாவது நான் உங்களுக்கு ஒரு செய்தி அனுப்பி, உங்கள் பெயரில் ஒரு கட்டளையை ஓட வைக்கலாம். இந்த ஆபத்தால்தான் ரைட்டும் வாலும் கட்டுப்பாட்டுக் குறிகளை வடிகட்டிவிட்டே அனுப்பும்படி ஆயின.

வால் நிரலின் லினக்ஸ் பதிப்பு, உள்ளீடாக வரும் வரிகளை வடிகட்டியது. ஆனால் கட்டளையோடு சேர்த்துத் தரும் செய்தியை வடிகட்டவில்லை. 2013 முதல் பத்தாண்டுகளுக்கும் மேல் அப்படியே இருந்திருக்கிறது. உபுண்டு 22.04 போன்ற லினக்ஸ் வகைகளில் இதை வைத்து ஒருவர் திரையில் போலியான கடவுச்சொல் கேள்வியை வரவழைக்க முடிந்தது. அவர் நம்பித் தட்டும் கடவுச்சொல், இல்லாத ஒரு கட்டளையின் பெயர் என்று எடுத்துக்கொள்ளப்பட்டு, அதைத் தேடும் உதவி நிரலுக்குப் போகும். அந்த நொடியில் ஓடும் நிரல்களின் பட்டியலைப் பார்ப்பவர் அதைப் படித்துவிடலாம். வால் அடங்கிய யுடில்-லினக்ஸ் தொகுப்பின் 2.40 பதிப்பில் இது சரிசெய்யப்பட்டது.

உங்கள் சர்வரில் உள்ளவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், செய்தி வசதி வேண்டும் என்றால் என்ன செய்வது? அட்மின் முதலில் சரிசெய்யப்பட்ட பதிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் ரைட் நிரலுக்கு மட்டும் டிடிஒய் குழு உரிமையைத் திரும்பத் தரலாம். டெபியனில் டிபிகேஜி-ஸ்டாட்ஓவர்ரைடு வழியாகச் செய்தால் அடுத்த புதுப்பிப்பில் அழியாது. வாலுக்குத் தர வேண்டாம் என்பேன். எல்லோருடைய திரையிலும் எழுதும் தேவை சாதாரணப் பயனருக்கு வராது.

அவர் என் எதிரில் உட்கார்ந்து வேலை செய்கிறார், ஆனால் 'லாகின் செய்யவில்லை' என்கிறதே?

ரைட் பார்ப்பது லாகின் பதிவேட்டை. வரைகலைத் திரைக்குள் திறக்கும் டெர்மினல் செயலிகள் பல இன்று அந்தப் பதிவேட்டில் தங்களைப் பதிவதில்லை. எஸ்எஸ்ஹெச் வழியாக, அதாவது வேறு கணினியிலிருந்து மறையாக்கத்தோடு இணைந்து, வந்தவர்கள் பதிவாகிவிடுவார்கள், அவர்களுக்குச் செய்தி போகும்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப?

வால். ரூட்டாக இருந்து 'வால்' என்று தட்டி, செய்தியை மேற்கோள் குறிக்குள் கொடுத்தால் லாகின் செய்திருக்கும் எல்லோர் திரையிலும் வரும். லினக்ஸ் பதிப்பில் ஒரு குழுவுக்கு மட்டும் அனுப்பவும் வழி உண்டு.

சர்வரை நிறுத்துவதற்கு இதைத் தனியாக நினைவு வைத்துக்கொள்ளத் தேவையில்லை. 'ஷட்டவுன்' கட்டளையில் நேரத்தைக் கூட்டல் குறியோடு நிமிடமாகவும், பின்னால் செய்தியையும் கொடுத்தால் அதுவே எல்லோருக்கும் அறிவித்துவிடும். திட்டம் மாறினால் மைனஸ்-சி விருப்பத்தோடு ரத்து செய்யலாம்.

வட்டு நிரம்பிவிட்டது, மின்சாரம் போய் யுபிஎஸ்ஸில் ஓடுகிறது போன்றவற்றை ஸ்கிரிப்ட் வழியாக வாலுக்கு அனுப்புவதும் நல்ல பழக்கம். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக வரும் செய்தியை இரண்டாம் நாளே யாரும் படிக்க மாட்டார்கள். நிலைமை மாறும்போது ஒரு முறை அனுப்பினால் போதும்.

வேறு கணினியில் இருப்பவரோடு பேச முடியுமா?

அதற்குத்தான் 'டாக்' வந்தது. 1983இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் வெளியிட்ட 4.2பிஎஸ்டி யுனிக்ஸில் சேர்ந்தது. 'டாக் மாலதி@கணினிப்பெயர்' என்று தட்டினால், மாலதியின் திரையில் "இன்னார் பேச விரும்புகிறார், பதில் சொல்ல இப்படித் தட்டுங்கள்" என்று வரும். அவர் அப்படியே தட்டியதும் இருவர் திரையும் மேல், கீழ் என இரண்டாகப் பிரியும். உங்கள் எழுத்து மேலே, அவருடையது கீழே.

டாக்கின் தனித்தன்மை, எழுத்து எழுத்தாகப் போவது. நீங்கள் தட்டுவது, தயங்குவது, அழித்துவிட்டு வேறு சொல்லைப் போடுவது எல்லாமே அவருக்குத் தெரியும். "தட்டச்சு செய்கிறார்..." என்று மூன்று புள்ளிகளைப் பார்த்துக் காத்திருக்கும் இன்றைய செயலிகளை விட இது நேரில் பேசுவதற்கு நெருக்கமானது என்பது என் கருத்து. இருவரும் ஒரே நேரத்தில் தட்டினாலும் குழப்பம் இல்லை, இருவருக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. 'ஓவர்' சொல்லும் மரபுக்கு டாக்கில் வேலையே இல்லாமல் போனது.

உள்ளே நடப்பதும் அழகாக யோசிக்கப்பட்டது. ஒவ்வொரு கணினியிலும் ஒரு டாக் சேவை காத்திருக்கும். கூப்பிடுபவர் "இந்த முகவரியில் இருக்கிறேன்" என்று தன் கணினியின் சேவையிடம் அழைப்பை விட்டுவைக்கிறார். எதிர்க் கணினியின் சேவையிடம் "அவருக்குச் சொல்" என்கிறார். மற்றவர் பதில் தட்டும்போது அந்த அழைப்பைத் தேடிக் கண்டுபிடித்து நேரடியாக இணைகிறார். அதற்குப் பிறகு சேவைக்கு இடையில் வேலை இல்லை, பேச்சு இரண்டு நிரல்களுக்கு நடுவில் மட்டும் நடக்கிறது.

ஆனால் முதல் பதிப்பில் ஒரு பெரிய குறை. எண்களை நெட்வொர்க்கில் அனுப்பும்போது, கணினி தன் நினைவகத்தில் பைட்டுகளை வைத்திருக்கும் அதே வரிசையில் அனுப்பியது. வாக்ஸ் கணினியின் வரிசை ஒரு மாதிரி, சன் கணினியின் வரிசை அதற்கு நேர் எதிர். வாக்ஸுக்கும் வாக்ஸுக்கும் பேச்சு நடந்தது, வாக்ஸுக்கும் சன்னுக்கும் நடக்கவில்லை. 1986இல் வந்த 4.3பிஎஸ்டி நெறிமுறையையே மாற்றி 'என்டாக்' என்று புதிய போர்ட்டில், அதாவது நெட்வொர்க்கில் சேவையை அடையாளம் காட்டும் புதிய எண்ணில், வைத்தது. பழையது 517, புதியது 518. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் வெகுகாலம் இரண்டையும் நிறுவி வைக்க வேண்டியிருந்தது. பின்னால் வந்த 'ஒய்டாக்' இரண்டு நெறிமுறைகளையும் புரிந்துகொண்டது, இரண்டு பேருக்கு மேல் பேசவும் விட்டது.

டாக் இன்றும் வேலை செய்யுமா?

ஒரே சர்வருக்குள், அல்லது நம்பகமான ஓர் உள் நெட்வொர்க்குக்குள், செய்யும். டெபியனில் டாக், ஒய்டாக் தொகுப்புகள் கிடைக்கின்றன. இணையம் தாண்டி வேண்டாம். அழைப்பு ஒரு போர்ட்டிலும், பேச்சு முன்கூட்டித் தெரியாத இன்னொரு போர்ட்டிலும் நடப்பதால் ஃபயர்வால் பெரும்பாலும் தடுத்துவிடும். அதைவிட முக்கியம், எதுவும் மறையாக்கம் செய்யப்படுவதில்லை. வேறு கணினியில் இருப்பவரோடு பேச எளிய, பாதுகாப்பான வழி: எஸ்எஸ்ஹெச் மூலம் அந்தக் கணினிக்குள்ளேயே போய், அங்கிருந்து ரைட் செய்வது.

யுனிக்ஸுக்கு முன்னால் இது இருந்ததா?

இருந்தது. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளத் தொடங்கிய உடனேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஐபிஎம் 7094 கணினியில் ஓடிய சிடிஎஸ்எஸ் அமைப்பில், 1965இல் அஞ்சல் கட்டளையை எழுதிய டாம் வான் விளெக்கும் நோயல் மாரிஸும், உள்ளே இருக்கும் இன்னொருவருக்கு உடனடியாக வரி அனுப்பும் வசதியையும் எழுதினார்கள். இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ அமைப்பில் 1973இல் டக் பிரவுனும் டேவிட் வூலியும் உருவாக்கிய டாக்கோமேட்டிக்கில் ஐந்து பேர் ஒரே திரையில் எழுத்து எழுத்தாகப் பேசினார்கள். டாக் வருவதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே!

டிஜிட்டல் நிறுவனத்தின் விஎம்எஸ்ஸில் 'ஃபோன்' இருந்தது. தொலைபேசி போலவே டயல், பதில், வைத்துவிடு என்று கட்டளைகள். ஐபிஎம் கணினிகளை இணைத்த, 1981இல் தொடங்கிய பிட்நெட்டில் 'டெல்' கட்டளை. அது கணினி கணினியாகத் தாவிப் போகும். நடுவில் ஒரு இணைப்பு அறுந்திருந்தால் செய்தி அங்கேயே தொலைந்துவிடும்.

மின்னஞ்சல் வேறு, இது வேறுதானே?

தொடக்கத்தில் அவ்வளவு தெளிவான கோடு இல்லை. மின்னஞ்சலுக்கான எஸ்எம்டிபி நெறிமுறை 1982 ஆகஸ்ட்டில் ஆர்எஃப்சி 821 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வெளியானபோது, அதில் 'செண்ட்' என்று ஒரு கட்டளை இருந்தது. கடிதத்தைப் பெட்டியில் போடாமல் நேரே பெறுபவரின் டெர்மினலில் காட்டு என்பது அதன் பொருள். அவர் இருந்தால் திரையில், இல்லாவிட்டால் பெட்டியில் என்று ஒன்று, இரண்டிலும் என்று இன்னொன்று. மூன்றையும் பெரிதாக யாரும் பயன்படுத்தவில்லை. 2001இல் வந்த திருத்தம் இவற்றை வழக்கொழிந்தவை என்று ஒதுக்கிவிட்டது. முகவரி ஒன்றுதான், அவர் இருக்கிறாரா இல்லையா என்பதை அமைப்பே பார்த்துக்கொள்ளும் என்ற யோசனை அன்றே எழுதி வைக்கப்பட்டிருந்தது என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

அவர் எந்தக் கணினியில் இருக்கிறார் என்றே தெரியாவிட்டால்?

எம்ஐடியின் அதீனா திட்டத்துக்கு வந்த சிக்கல் சரியாக இதுதான். வளாகம் முழுக்கப் பணிநிலையங்கள், மாணவர் எதில் வேண்டுமானாலும் உட்காரலாம். ஒரே பெரிய கணினியாக இருந்தவரை ஹூ போதும். இப்போது யாரை எங்கே தேடுவது? 1980களின் பிற்பகுதியில் அதற்காக எழுதப்பட்ட 'ஜெஃபைர்' சேவையில், லாகின் செய்யும்போதே உங்கள் இருப்பிடம் ஒரு மையச் சேவையில் பதிவாகும். 'இசட்ரைட்' என்று தட்டிப் பெயரை மட்டும் கொடுத்தால் போதும். அனுப்பியவர் உண்மையில் அவர்தானா என்பதைக் கெர்பராஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு அமைப்பு சரிபார்த்தது. ஒரு தலைப்பைச் சந்தா செய்து அதில் வரும் எல்லாச் செய்திகளையும் பெறலாம். இன்று அலுவலகச் செய்தி செயலிகளில் பார்க்கும் இருப்பு நிலை, சேனல் எல்லாவற்றுக்கும் முன்வடிவம் இதில் இருந்தது.

ஐஆர்சி இதிலிருந்து வந்ததா?

ஆமாம், நேரடி வாரிசு. ஃபின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் 1988 ஆகஸ்ட்டில் யார்க்கோ ஓய்க்கரினென் ஐஆர்சி என்ற இணையக் குழு அரட்டை அமைப்பை எழுதினார். அங்கே ஒரு பொதுக் கணினியில் ஓடிய 'மட்' என்ற நிரலுக்கு மாற்றாக வந்தது. மட் என்பது பலர் சேர்ந்து பேசும் டாக். பிட்நெட்டின் 'ரிலே' என்ற அரட்டை வசதியும் அவருக்கு ஊக்கம் தந்தது. 1991இல் வளைகுடாப் போரின்போதும், அதே ஆண்டு ஆகஸ்ட்டில் சோவியத்தில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோதும் ஐஆர்சி வழியாக உடனுக்குடன் தகவல் வெளியே வந்தது. டெர்மினலிலேயே இருந்து பல கணினிகளில் உள்ளவர்களோடு பேச வேண்டும் என்றால் இன்றும் என் பரிந்துரை ஐஆர்சிதான். இர்சி, வீசாட் இரண்டும் நல்ல நிரல்கள். உள் நெட்வொர்க்குக்கு மட்டும் சொந்தமாக ஒரு ஐஆர்சி சர்வர் வைப்பதும் கடினமில்லை.

விண்டோஸில்?

விண்டோஸ் என்டி, எக்ஸ்பி காலத்தில் 'நெட் செண்ட்' இருந்தது. இணையத்தில் நேரடியாக இணைந்திருந்த வீட்டுக் கணினிகளுக்கு 2002 வாக்கில் விளம்பரம் அனுப்புவோர் அந்தச் சேவையைப் பிடித்துக்கொண்டார்கள். 2003 அக்டோபரில் அதில் ஆபத்தான ஓட்டையும் தெரிந்தது. 2004இல் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக் அதை முடக்கி வைத்தது, விஸ்டாவில் எடுத்தே விட்டார்கள். இப்போது இருப்பது 'எம்எஸ்ஜி' கட்டளை. ஹோம் பதிப்பில் கிடையாது. வேறு கணினிக்கு அனுப்ப அந்தப் பக்கத்தில் அனுமதி திறந்திருக்க வேண்டும்.

தமிழில் அனுப்ப முடியுமா?

முடியும், சில நிபந்தனைகளோடு. இரு பக்கமும் யுடிஎஃப்-8 அமைப்பு, அதாவது எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாக எழுதும் முறை, இருக்க வேண்டும். யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். 'வணக்கம்' என்ற சொல்லில் புள்ளிகளையும் சேர்த்து ஏழு குறிகள், ஆக 21 பைட். பழைய ரைட் நிரல்கள் பைட் பைட்டாகப் பார்த்து, ஆங்கிலம் அல்லாதவற்றைக் கட்டுப்பாட்டுக் குறி என்று எண்ணி மாற்றிவிடும். அப்போது 'எம்-' என்று தொடங்கும் குப்பைதான் திரையில் விழும். புதிய பதிப்புகளில் நிலைமை மேல்.

அடுத்தது காட்டுவது. சர்வர் அறையில் திரையை நேரடியாக இணைத்துப் பார்க்கும் லினக்ஸ் கன்சோலில் எழுத்துருவுக்கு அதிகபட்சம் 512 வடிவங்கள்தான், தமிழ் வராது. வரைகலை டெர்மினல்களில் வரும், ஆனால் டெர்மினல் என்பது சம அகலக் கட்டங்களால் ஆனது. கொம்பு மெய்க்கு இடப்பக்கம் போக வேண்டும், ஒகர, ஓகாரக் குறிகள் இரண்டு பக்கமும் விரிய வேண்டும். இதை எல்லா டெர்மினலும் சரியாகச் செய்வதில்லை. கேடிஇ வரைகலைச் சூழலின் 'கான்சோல்' என்ற டெர்மினல் செயலியில் (மேலே சொன்ன லினக்ஸ் கன்சோல் அல்ல) ஓரளவு நன்றாக வருகிறது. டாக்கில் தமிழ் வேண்டாம். எழுத்து எழுத்தாக அனுப்பி, அழிக்கும்போது பைட் பைட்டாக அழிக்கும் நிரல் அது. வால் அறிவிப்பைத் தமிழில் தருவதானால் முதல் வரியில் நேரத்தை எண்ணில் போட்டுவிடுங்கள். எழுத்து உடைந்தாலும் நேரம் தெரியும்.

நான் அனுப்புவதை வேறு யாராவது படிக்க முடியுமா? வந்ததை நம்பலாமா?

ரைட் செய்தி எங்கும் சேமிக்கப்படுவதில்லை. ஆனால் ரூட் உரிமை உள்ளவர் எந்த டெர்மினலையும் கவனிக்க முடியும். செய்தியைக் கட்டளையோடு சேர்த்துக் கொடுத்தால் உங்கள் ஷெல் வரலாற்றிலும் அது இருக்கும். கடவுச்சொல்லை இந்த வழியில் ஒருபோதும் அனுப்பாதீர்கள்.

நம்புவதைப் பொறுத்தவரை, ரைட் காட்டும் பெயர் லாகின் பெயர். ஆனால் அதே போல ஒரு வரியைச் செய்திக்குள்ளேயே ஒருவர் தட்டிவிடலாம். திரையில் திடீரென்று கடவுச்சொல் கேட்டால் தட்டாதீர்கள். நீங்கள் எந்தக் கட்டளையும் கொடுக்காதபோது வரும் கேள்விக்குப் பதில் வேண்டியதில்லை. கன்ட்ரோல்-சி அழுத்திப் பாருங்கள், ஷெல் திரும்பிவிடும்.

ஆய்வகச் சர்வருக்கு எதை வைத்துக்கொள்ளலாம்?

அறிவிப்புக்கு வால், அட்மினுக்கு மட்டும். மாணவர்கள் தங்களுக்குள் கூப்பிட ரைட். தொடர்ந்து பேச உள் ஐஆர்சி. ஒருவருடைய பிழையை இன்னொருவர் உடன் இருந்து பார்க்க வேண்டும் என்றால் செய்தியே தேவையில்லை. டிமக்ஸில் ஒரே அமர்வில் இருவரும் இணைந்து, ஒரே திரையைப் பார்த்தபடி தட்டலாம். ஒரே பயனர் கணக்காக இருந்தால் இணைப்பது எளிது. தனித்தனிக் கணக்கு என்றால் டிமக்ஸ் இணைப்புக்குப் பயன்படுத்தும் சாக்கெட் கோப்புக்கு இருவருக்கும் உரிமை கொடுக்க வேண்டும், புதிய பதிப்புகளில் டிமக்ஸுக்குள்ளும் அனுமதி சொல்ல வேண்டும்.

வாலில் அனுப்பும் அறிவிப்பில் நான்கு விஷயம் இருக்கட்டும்: எந்தச் சர்வர், எத்தனை மணிக்கு நிற்கும், எப்போது திரும்ப வரும், யாரிடம் கேட்பது. பலர் ஒரே நேரத்தில் மூன்று சர்வர்களில் டெர்மினல் திறந்து வைத்திருப்பார்கள், அதனால் சர்வரின் பெயர் கட்டாயம். முதல் அறிவிப்பு அரை மணி முன்னால், இரண்டாவது ஐந்து நிமிடம் முன்னால். நிறுத்தும் திட்டத்தைக் கைவிட்டால் அதையும் வாலில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வேலையைச் சேமித்து மூடிவிட்டவர்கள் காத்துக்கொண்டே இருப்பார்கள்.